தண்ணிக்குக் கீழே எவ்வளவு?

நண்பர் கைப்பேசியை நீட்டினார். திரையில் ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு. 9 மீட்டர் நீளம், பைபர் உடல், வயது முப்பதுக்கு மேல். அதிராம்பட்டினம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்த ஓடாவி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார். விலை கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. “தண்ணிக்குக் கீழே எவ்வளவு தம்பி?” என்றார். நண்பருக்குத் தெரியவில்லை.

ஓடாவி என்றால் படகு கட்டும் தச்சர். வண்டி செய்கிற ஆசாரியும் மரவேலைக்காரர்தான். ஆனால் ஓடாவியின் வேலை நேர்கோட்டில் நிற்காது. வளைவுகளைக் கணக்குப் பண்ணத் தெரிந்தவர் அவர். எழுபதைத் தாண்டிய இவரிடம் நண்பரை நான் அழைத்துப் போனதற்குக் காரணம், பழைய படகு வாங்கும் அவருடைய ஆசை.

நண்பர் பட்டுக்கோட்டைக்காரர். சென்னையில் வேலை. அங்கே 1911-இலேயே பாய்ப்படகுக்கென்று ஒரு கிளப் தொடங்கிவிட்டார்கள். இன்று அது ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப். துறைமுகத்துத் தண்ணீரில் ஒற்றை ஆள் ஓட்டும் சின்னப் பாய்ப்படகில் இவரும் தொழில் பழகிக்கொண்டார். இப்போது குடும்பத்தோடு ஏறி, ஓர் இரவு படுத்தெழக்கூடிய நடுத்தரப் படகு வேண்டும். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. பழசாக ஒன்றை வாங்கிச் சொந்தக் கடற்கரையில் கொண்டுவந்து கட்ட வேண்டும் என்பது திட்டம்.

தஞ்சாவூர் என்றால் நெல்லும் பெரிய கோயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதிராம்பட்டினமும் மல்லிப்பட்டினமும் சேதுபாவாசத்திரமும் தஞ்சை மாவட்டத்துக் கடலோர ஊர்கள். மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814-15-இல் எழுப்பிய மனோரா கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அந்தக் கடல், பாக் விரிகுடா. ஓடாவியின் கேள்விக்கான காரணமும் அந்தக் கடலில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால், பெரிய படகு என்றால் எது பெரிதாகிறது என்று பார்த்துவிடலாம்.

நாலும் ஒன்பதும்

படகு ஓடும்போது தன் மூக்கால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகிற கட்டத்தில், முன்னால் ஒரு மேடு, பின்னால் ஒரு மேடு, நடுப் பள்ளத்தில் படகு. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால், தான் எழுப்பிய மேட்டில் தானே ஏற வேண்டும். கனமான படகுக்கு அது முடியாத காரியம். இந்த எல்லையை எளிய கணக்கில் சொல்லலாம்: தண்ணீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வரும். 4 மீட்டர்ப் படகுக்கு 9 கிலோமீட்டர். 9 மீட்டர்ப் படகுக்கு 13.5 கிலோமீட்டர். எடை குறைந்த சின்னப் படகு நல்ல காற்றில் தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு இந்த எல்லையைத் தாண்டிவிடும். பெரிதில் அந்தச் சுகம் கிடையாது.

ஆக, நீளம் இரண்டே கால் மடங்கு கூடினால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. மற்றவை அப்படி அடங்கி இருப்பதில்லை. அதே வடிவத்தைப் பெரிதாக்கினால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு நீளத்தின் இருமடியாக வளரும்: ஐந்து மடங்கு. எடை மும்மடியாக வளரும்: பதினோரு மடங்குக்கும் மேல். கயிறு, நங்கூரம், பாய், கரையேற்றும் கூலி எல்லாம் எடையையும் பரப்பையும் பார்த்துத்தான் வரும். வேகத்தைப் பார்த்து வராது.

பிறகு ஏன் பெரிய படகு? ஒரு காரியத்தில் அதற்கு உண்மையான லாபம் உண்டு. பாயில் அடிக்கும் காற்று படகைச் சாய்க்கும். படகின் எடை அதை நிமிர்த்தும். சாய்க்கும் விசையின் பலம் நீளத்தின் மும்மடியாகக் கூடினால், நிமிர்த்தும் பலம் நான்மடியாகக் கூடுகிறது. அதனால் ஒரே வடிவத்தில் பெரிய படகு சின்னதைவிட நிமிர்ந்து நிற்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுதல் நாலு மடங்காகிவிடும் என்பதை நினைத்தால் இந்த நிதானத்தின் அருமை தெரியும். சின்னப் படகில் ஒரு திடீர்க் காற்றுக்குப் பாய்ந்து விளிம்பில் தொங்க வேண்டிய ஆள், பெரிய படகில் காபியைக் கையில் வைத்துக்கொண்டே, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்தலாம்.

ஆழமில்லாத கடலின் படகு

அந்த நிமிர்த்தும் பலத்தை மேல்நாட்டுப் படகுகள் எங்கிருந்து பெறுகின்றன? அடியில் துடுப்புபோல இறங்கியிருக்கும் கீலில் இருந்து. அதில் ஈயமோ இரும்போ நிரப்பியிருக்கும். பல படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான். எடை எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறதோ அவ்வளவு உறுதி. அதே கீல்தான் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு வழுக்கிப் போகாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. நண்பர் காட்டியது போன்ற 9 மீட்டர்ப் படகில் கீல் ஒன்றரை மீட்டர் ஆழம் இறங்குவது சாதாரணம்.

பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 10 மீட்டர்கூட இல்லை. கரையோரமோ, காவிரியின் கிளைகள் நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். பாமணியும் கோரையாறும் வயல்களுக்குப் பாய்ந்து மிஞ்சிய தண்ணீரை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் விடுகின்றன. நெல்லுக்குச் சோறுபோட்ட அதே மண்தான் கடலுக்குள் சேறாக நீண்டு கிடக்கிறது. இங்கே ஒன்றரை மீட்டர்க் கீல் என்பது சேற்றில் நட்ட கம்பம்.

இந்தக் கரையில் பாய் விரித்தவர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். அதற்குப் பெயர் வத்தை. சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் வெளியான இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய தம் ஆய்வில், பாக் கடலின் இந்தச் சமநிலைப் பலகைப் படகுகளைக் கவனித்து எழுதினார். தட்டையான அடி, பெட்டிபோன்ற உடல், மூன்று பாய்மரம். ஆழக் கீல் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு பலகைகள். ஒன்று, படகின் குறுக்கே, விளிம்பைத் தாண்டி நீளும் பலகை. காற்று வரும் பக்கம் அதை நீட்டி, ஆள் அதன் நுனிக்குப் போய் உட்காருவார். 60 கிலோ மனிதர் படகின் நடுவிலிருந்து 1 மீட்டரில் உட்கார்ந்தால் ஒரு பங்கு நிமிர்த்தும் பலம். 3 மீட்டருக்கு நகர்ந்தால் மூன்று பங்கு. எடை கூடவில்லை, நெம்புகோல் நீண்டது. காற்று திரும்பினால் ஈயம் இடம் மாறாது, மனிதர் மாறுவார். இன்னொரு பலகை படகின் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கும், வழுக்கலைத் தடுக்கும், கரை நெருங்கும்போது தூக்கிவிடலாம். லண்டனில் தேம்ஸ் ஆற்றுச் சேற்றில் ஓடிய சரக்குப் பாய்ப்படகுகளுக்கும் தட்டை அடியும் பக்கப் பலகையும் உண்டு. ஒரேமாதிரிச் சேறு இருந்த இடத்தில் ஒரேமாதிரி விடை வந்திருக்கிறது.

வத்தையின் பிறப்பிலும் ஒரு விசேஷம். லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மெக்ரைல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதிய கட்டுரை 1998-இல் வெளிவந்தது. இந்தியாவின் பழைய மரக்கலங்கள் பலவற்றில் பலகைகளை முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு உள்ளே வங்குகளைப் பொருத்துவார்கள். வத்தை நேர்மாறு. முதலில் வங்கு, அதாவது விலா எலும்பு, அதன்மேல் பலகை. ஒவ்வொரு வங்கின் வளைவையும் ஒரு பலகையில் கீறிய கோடுகளை வைத்தே ஓடாவிகள் அளந்தெடுத்தார்கள். இந்த முறை மத்தியதரைக்கடல், போர்த்துக்கல் பக்கத்துப் பழைய கப்பல் கட்டும் முறையை ஒத்திருக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். எங்கள் ஓடாவியிடம் இதைச் சொன்னேன். “கணக்கு எல்லா ஊருக்கும் ஒண்ணுதானே” என்று மட்டும் சொன்னார்.

தட்டிக் கேட்பது

டெல்டாவில் மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். பளபளப்பான தோலில் மயங்க மாட்டார். பழைய படகையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஓடாவி எழுந்து, தாம் சாய்ந்திருந்த வள்ளத்தைச் சின்னச் சுத்தியல் பிடியால் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். ஓரிடத்தில் பொத். நின்றார். பேனாக் கத்தியின் முனையை அங்கே அழுத்தினார். வெளியே பெயின்ட் மழமழவென்று இருந்தது; கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

உள்ளே குடியிருந்தது கப்பல் புழு. பேர்தான் புழு, உண்மையில் அது மட்டி, சிப்பி இனத்தைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக வந்து மரத்தில் குண்டூசித் துளை போட்டு நுழையும். பிறகு வெளியே வராது. தன் சிப்பி ஓட்டை அரம்போல வைத்துக்கொண்டு உள்ளேயே குடைந்து வளரும். அதன் செவுள்களில் வாழும் பாக்டீரியாக்கள் மரத்தின் செல்லுலோசைச் செரிக்கும் நொதிகளைத் தருகின்றன. மேலே துளை ஊசிமுனை அளவு, உள்ளே விரல் நுழையும் சுரங்கம். பார்வை ஏமாறும், காது ஏமாறாது. மீனவர்கள் மரப்படகை அவ்வப்போது கரையேற்றிக் காயவைத்ததில் இதற்கும் மருந்து இருந்தது: காய்ந்த மரத்தில் இந்தப் பிராணி பிழைக்காது.

மக்கிப்போவது வேறு கதை. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். எப்போதும் மூழ்கியிருக்கும் மரத்தில் காற்று இல்லை. எப்போதும் உலர்ந்த மரத்தில் ஈரம் இல்லை. கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை தலைமுறை தாண்டும்; கொட்டகைக் கால் தரைமட்டத்தில்தான் உளுக்கும். படகிலும் அதே விதிதான். கடல் தண்ணீருக்குள் இருக்கும் பலகையைவிட, மழைத் தண்ணீர் தேங்கும் மேல்தட்டின் அடி, பாய்மரம் ஊன்றிய இடம், வங்கின் தலை ஆகியவைதான் முதலில் போகும். படகு வாங்கப் போகிறவர் அடியைப் பார்க்கக் குனிவார். கெட்டது அவர் தலைக்கு மேல் இருக்கும்.

அடுத்தது ஆணி. இரும்பு துருப்பிடித்தால் அதன் பருமன் பல மடங்கு பெருகும். சுற்றியுள்ள மரத்தைப் பிளக்கும். துருவின் ரசாயனம் மரத்தை மாவாக்கும். பலகை நன்றாக இருக்கும், வங்கும் நன்றாக இருக்கும், இரண்டையும் பிடித்திருந்தது போயிருக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைக்கும் கலப்பத்தும் அப்படித்தான். அது கழன்றாலே தண்ணீர் வரும்.

பைபருக்கு வயது வராதா?

கண்ணாடி இழை மக்காது, அதைப் புழு தின்னாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையில் பைபர் படகுகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் அதற்கும் நோய் உண்டு. இழைகளை ஒட்டியிருக்கும் பிசின் வழியாகத் தண்ணீர் மிக மெதுவாக, ஆண்டுக்கணக்கில், உள்ளே ஊறும். பிசினில் சரியாக இறுகாமல் மிஞ்சிய ரசாயனங்களைக் கரைத்துக் கெட்டிக் கரைசலாக்கும். கெட்டிக் கரைசல் வெளித் தண்ணீரை இன்னும் இழுக்கும். தண்ணீரில் போட்ட உலர்திராட்சை உப்புவதற்கும் இதுதான் காரணம்: சவ்வூடு பரவல். படகின் அடியில் அது கொப்புளங்களாகத் தெரியும். குத்தினால் காடிபோல நெடியுள்ள நீர் வரும். அங்கங்கே நாலு கொப்புளம் என்றால் பயப்பட வேண்டாம்; சுரண்டி, உலர்த்தி, பூசிவிடலாம். அடி முழுவதும் என்றால் வேறு படகு பாருங்கள்.

இதைவிட மோசமானது மேல்தட்டு. எடை குறைக்க, இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே மெல்லிய மரமோ ஒட்டுப்பலகையோ வைத்திருப்பார்கள். ஒரு திருகாணித் துளை வழியாக மழை இறங்கினால் நடுமரம் ஊறிக் கூழாகும். நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் கணீரென்னும். கெட்ட இடம் மந்தமாக இருக்கும். கால் வைத்தால் லேசாக அமுங்கும். இயந்திரம் தொங்கும் பின்பலகையிலும் இதே பார்வை வேண்டும்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் துருப்பிடிக்காத எஃகு. அந்தப் பெயரை முழுதாக நம்பக் கூடாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் படும்வரைதான் அதன் மேலே ஒரு காப்புப் படலம் உண்டாகிக்கொண்டிருக்கும். படகின் உடலுக்குள் புதைந்து, உப்பீரத்தில், காற்றில்லாமல் இருக்கும் பட்டைகளில் அந்தப் படலம் உண்டாகாது. அரிப்பு அங்கேதான் தொடங்கும். வெளியே மின்னும், உள்ளே விரிசல் ஓடும். பாய்ச்சீலையில் துணிக்கு முன்னால் தையல் போகும். நூல் மேலே துருத்திக்கொண்டு வெயிலை வாங்குகிறது. நகத்தால் தையலைக் கீறிப் பாருங்கள். அறுந்தால் பாயின் மிச்ச ஆயுள் தெரிந்துவிடும்.

மரப்படகோ பைபரோ, இதுவரை பார்த்த நோய்களில் பெரும்பாலானவை ஓர் இனம். பரந்த பலகை, பரந்த பைபர் நெடுநாள் இருக்கும். ஒன்றை ஒன்றோடு சேர்த்த இடத்தில்தான் வயது உட்காருகிறது: ஆணி, துளை, மூட்டு, தையல். பம்பாயில் தேக்கில் கட்டிய சுஹைலி என்ற 32 அடிப் படகில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் முதல் 1969 ஏப்ரல் வரை, 312 நாள், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றினார். பயணத்தின் தொடக்கத்திலேயே படகு ஒழுகியது. ஒழுகியது தேக்குப் பலகை அல்ல, கீலுக்குப் பக்கத்துப் பொருத்து. நடுக்கடலில் தண்ணீருக்குள் இறங்கி அதை அடைத்தார். சுஹைலி இன்றும் மிதக்கிறது. அந்தப் பயணத்தின் நினைவாக நடக்கும் கோல்டன் குளோப் போட்டியில் 1988-க்கு முன் வடிவமைத்த, 32 முதல் 36 அடி வரையான படகுகளுக்குத்தான் இடம். 2022-இல் தொடங்கிய போட்டியில் நம் நாட்டு மாலுமி அபிலாஷ் டோமி 236 நாளில் இரண்டாவதாக வந்தது ரஸ்ட்லர் 36 என்ற 1980-களின் வடிவத்தில். வடிவத்துக்கு மூப்பு இல்லை. மற்றதை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

சுமைகூலி முக்கால் பணம்

மாற்றலாம்தான், செலவு யாருடையது? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழைய படகுக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது. பாய், கம்பி, இயந்திரம் மூன்றையும் மாற்றினால் படகின் விலையைத் தாண்டிவிடக்கூடும். அதனால் பார்க்கும் வரிசை முக்கியம். திருத்த முடியாததை முதலில் பாருங்கள்: வடிவம், உடல், கீல் பொருத்து. பிறகு மேல்தட்டு, பாய்மரத் தாங்கல். அதன்பிறகு பாய், கயிறு, இயந்திரம். பெயின்ட் கடைசி. விற்பதற்கு முதல் வாரம் அடித்த பெயின்ட் என்றால் கூடுதலாக ஒரு சுற்றுத் தட்டிப் பாருங்கள்.

ஓடாவி இன்னொரு கேள்வியும் சொல்லிக் கொடுத்தார். “கஜாவுல இது எங்க கெடந்துச்சுன்னு கேளுங்க.” 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, மல்லிப்பட்டினத்தில் படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நொறுங்கின. பிறகு ஒட்டிப்போட்டு ஓடுபவை நிறைய. ஒட்டுப்போட்டது குற்றமில்லை, எங்கே ஒட்டினார்கள் என்று தெரியாமல் வாங்குவதுதான் குற்றம். நட்சத்திரம்போல் விரியும் மெல்லிய கீறல்கள், உள்பக்கத்தில் நிறம் மாறிய பட்டைகள் ஆகியவை பழைய அடியின் தழும்புகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி நிற்கும்போது மல்லிப்பட்டினத்தில் ஒரு நடை நடந்தால் இந்தத் தழும்புகளைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

வெயில் தாழ்ந்ததும் ஓடாவி ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாங்களும் பின்னால் போனோம். இருநூறு எட்டு வைத்திருப்போம். தண்ணீர் தொடை அளவு. கழியை ஊன்றினார்; சேற்றில் ஒரு சாண் இறங்கி நின்றது. நண்பர் அங்கே நின்றபடியே விற்பவரைக் கைப்பேசியில் அழைத்தார். பதில் வந்தது: 1.6 மீட்டர். ஓடாவி கழியைப் பிடுங்கி நண்பருக்குப் பக்கத்தில் நிறுத்தி விரலால் அளந்தார். விரல் நண்பரின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

“படகு அங்கன நிக்கும்” என்று தூரத்துக் கடலைக் காட்டினார். “நீங்க இங்கேருந்து நீந்திப் போய்த்தான் ஏறணும்.”

அன்றிரவு நண்பர் மறுபடி தேட உட்கார்ந்தார். மேலே தூக்கிக்கொள்ளும் நடுப்பலகை உள்ளவை, சேற்றில் இரண்டு காலூன்றி நிமிர்ந்து நிற்கும் இரட்டைக் கீல் உள்ளவை. பிரிட்டனின் சேற்றுக் கழிமுகங்களுக்கென்று செய்தவை அவற்றில் பல உண்டு. நீளம், வயது, விலை என்று வரிசைப்படுத்தி வைத்திருந்த பட்டியலை அழித்துவிட்டு, முதல் கட்டத்தில் தண்ணிக்குக் கீழே எவ்வளவு என்று எழுதினார்.